அப்பா குரலில் ஏழு போன்

உட்காருங்கள் அக்கா. அந்த ஓரம் வேண்டாம், ஆணி துருத்திக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் வாருங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊரில் யாருக்கும் அது கிடையாது. பாதிக் கதையிலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "ஏப்பா வெயிலு, மெட்ராஸ்லருந்து ஒரு அம்மா ஒன்னயக் கேட்டு வந்துருக்காங்க. எந்த வீட்டுக்குப் போன் போட்டுத் தொலஞ்ச?" அவரேதான், இல்லையா? மேல்பல் இரண்டு இல்லை, காற்று அப்படித்தான் போகும். எங்கள் ஹெட்மாஸ்டர் வேண்டுமா? "அமைதி. அமைதி என்றால் அமைதி. மூன்றாவது வரிசை, உன்னைத்தான்." போனில் பேசுகிற அந்த அம்மாள் வேண்டுமா? "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்சமயம் ஸ்விட்ச் ஆஃப் செய்துள்ளார்." இதை நீங்களும் நிறையக் கேட்டிருப்பீர்கள். பூரணி நம்பருக்கு அடித்தால் அதுதான் வரும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம் அக்கா. முதலில் கதை.

பூரணி ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். வருகைப் பதிவேட்டில் கார்த்தீஸ்வரன். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் கண்மாய்க்கரையில் சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டு, "சிரிச்சிராதடா" என்று ஆரம்பித்துத் தன் பெயர் பூரணி என்று சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நான் ஒரு நாளைக்கு இருபது பேராக மாறுகிறேன், இவள் ஒரே ஒரு ஆளாக மாறப் போகிறாள், அதில் என்ன இருக்கிறது? அப்படியே சொல்லவும் செய்தேன்.

"நீ நடிக்கிறடா வெயிலு. நான் நடிக்கிறத விடப் பாக்குறேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அன்றிலிருந்து ஆள் இருந்தால் கார்த்தீசு, ஆள் இல்லாவிட்டால் பூரணி. மாற்றிக் கூப்பிட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் தமாஷுக்கு. வருகிறேன், வருகிறேன்.

எங்கள் கார்ட்டூன் படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பதினொன்றாம் வகுப்பு முழுக்க அதுதான் எங்கள் வேலை. அவள் வரைவாள், போனிலேயே, விரலாலேயே. நான் பேசுவேன். கதை அவளுடையது. ஒரு பஸ். பெயின்ட் அடித்து வெளியே வந்த அன்றைக்கே டிப்போக்காரர் ஒருவர் அதற்கு 'அருப்புக்கோட்டை' என்று பலகை மாட்டிவிடுவார். பஸ்ஸுக்கு அது தன் ஊர் இல்லை என்று தெரியும். அது கடலுக்குப் போகிற பஸ். ஒவ்வொரு முறை கடல் பக்கம் திரும்பும்போதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். "ஏய், போர்டப் பாரு! போர்டுல என்ன போட்டுருக்கு?" முட்டை வியாபாரி, கல்யாணத்துக்குப் போகிற கிழவி, வாந்தி எடுக்கிற பையன், எல்லாம் நான். கிழவிக்கு மட்டும் தனியாகக் கைதட்டு வாங்கினேன்.

பஸ் மட்டும் பேசாது, கவனித்தீர்களா? ஹாரன்தான். அதற்கும் நானே பேசுகிறேன் என்று ஆறு பெண் குரல் எடுத்துக் காட்டினேன். எங்கள் கணக்கு டீச்சர், கோயில் மைக்கில் பாடுகிற அக்கா, எல்லாம். "இது எதுவும் இல்லடா" என்றாள். அப்போ நீயே பேசு என்றேன். பேசிப் பதிந்து கேட்டுப் பார்த்தாள். அவளுக்குக் குரல் தடித்துப்போன வருஷம் அது. அதை அழித்துவிட்டு, ஹாரன் போதும் என்றாள். நான் அந்தக் குரலையும் செய்து காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை. சில நேரம் அவளுக்குத் தமாஷ் பிடிக்காது.

டிசம்பரில் பள்ளிக்கூடக் கண்காட்சி வந்தது. பாதி முடிந்த படத்தை இந்த அறையில்தான் போட்டோம். வரிசையில் நின்று பார்த்தார்கள். அவள் அப்பாவும் வந்திருந்தார். தவசி, மதுரை வண்டிக் கண்டக்டர். அவர் குரல் தெரியாத ஆள் இந்த ஊரில் கிடையாது. "ஏறு, ஏறு, உள்ள போ. உள்ள கல்யாண மண்டபம் மாதிரி கெடக்கு, வாசல்ல நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்குற?" தொண்டைக்குள் சரளைக்கல் உருளுகிற மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்து என் கையில் இருக்கிற சரக்கு.

மனிதர் படம் பார்த்துச் சிரித்தார் அக்கா. நிஜமாகச் சிரித்தார். மகன் வரைந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "பூரணியா? இது எந்த ஊரு வண்டிப் பேரு?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஹெட்மாஸ்டர் குரலை எடுத்தேன். "அது வண்டியின் பெயர் அல்ல. டைரக்டரின் பெயர். டைரக்டர் எழுந்து நிற்கவும்." அறையே குலுங்கிச் சிரித்தது. அந்த நேரம், அந்த இடைவெளி, எல்லாம் கச்சிதமாக அமைந்துவிட்டது. அவள் எழுந்து நிற்கவில்லை. தவசி அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நீங்கள் சிரிக்க வேண்டிய இடம் இதுவல்ல, இது சின்னது. பெரியது இனிமேல்தான்.

அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் ஏதோ நடந்தது. அவள் தலைமுடியைக் கத்தரித்துவிட்டார்கள், ஒழுங்காகக்கூட இல்லை, திட்டுத்திட்டாக. கையில் கட்டு. பொங்கல் லீவு முடிந்து வரவே இல்லை. மதுரையில் திருநங்கை அக்காமார் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், அங்கே சேர்ந்துகொண்டாள். புது நம்பர் எனக்கு மட்டும் அனுப்பினாள். வேறு ஒன்றும் எழுதவில்லை, நம்பர் மட்டும்.

நான் கூப்பிட்டிருக்கலாம்தான். வெறுமனே கூப்பிட்டு என்ன பேசுவது? "சாப்பிட்டியா, எப்படி இருக்க" என்று என் குரலில் பேசுவதென்றால் எனக்குச் சப்பென்று இருக்கும். பக்கத்து இடம் காலியாக வேறு கிடந்தது. ஏப்ரலில் ஒரு நாள் மாமாவின் இன்னொரு சிம்மைப் போட்டு அடித்தேன். தொண்டையில் சரளையை ஏற்றிக்கொண்டேன்.

"அப்பா பேசுறேன்."

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. வெகு நேரம். கண்டுபிடித்துவிட்டாள், இப்போது கெட்ட வார்த்தை வரப் போகிறது என்று காத்திருந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"சொல்லுங்கப்பா."

விழுந்துவிட்டாள்! ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள்! அடக்க முடியாமல் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டேன். "சோறு திங்கிறியா?" என்றேன். திங்கிறேன்ப்பா என்றாள். "சரி, டிக்கெட் ஏறிருச்சு, வக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

அப்போதே உடைத்துச் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஆனால் நல்ல வேடிக்கையை முதல் நாளே செலவழிக்கக் கூடாது. வாரம் ஒன்று, இப்படி ஏழு போன். அவள் ஒவ்வொன்றிலும் நம்பினாள். இருநூறு பேருக்குச் சாம்பார் தாளிக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். கடைவாய்ப் பல் வலியைச் சொன்னாள். முதல் முதலாகச் சேலை கட்டி மார்க்கெட்டுக்குப் போனதையும், வழியில் ஒருத்தன் கல்லெறிந்ததையும் சொன்னாள். "கூட யாராச்சும் இருந்தா எறிஞ்சிருக்க மாட்டான்ப்பா" என்றாள். மூன்றாவது போனில் என்ன தோன்றியதோ, "பூரணி" என்று கூப்பிட்டுவிட்டேன். கண்டக்டர் தவசியின் குரலில் அந்தப் பெயர் வந்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர்.

ஏழாவது போன்தான் உச்சம். ஜூன் மாதம். மதுரையில் அனிமேஷன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, பத்தாவது மார்க் ஷீட்டும் பர்த் சர்டிபிகேட்டும் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றாள். இரண்டும் அவர்கள் வீட்டு பீரோவில் இருந்தன. அதற்கப்புறம் அவள் பேசியதைக் கேளுங்கள், எவ்வளவு குழம்பிப் போயிருந்தாள் என்று தெரியும். "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். நீங்க மட்டும் என்கூட வீட்டுக்கு வாங்க. அம்மாவுக்கு உங்களப் பிடிக்கும். நீங்க வந்து கேட்டா கதவத் தெறப்பாங்க." புருஷன் வந்து தட்டினால் பெண்டாட்டி கதவைத் திறப்பாளாம்! அவர் வீடு அக்கா! அதுவும் ஞாயிற்றுக்கிழமை தவசி அப்பாவுக்கு ட்யூட்டி. அது மகளுக்குத் தெரியாதா? நான் துண்டை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டேன்.

"தனியா போறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. வருவீங்கல்ல?"

"வர்றேன்."

"நெசமா வருவீங்கல்ல?"

"வர்றேன்."

"வருவீங்கல்ல?"

"அட, வர்றேன்னு சொல்றேன்ல!"

என் திட்டம் இதுதான். தவசி அப்பாவின் வண்டி இரண்டு பத்துக்கு ஸ்டாண்டுக்குள் வரும். அதுவரைக்கும் இவள் நிற்பாள். அவர் இறங்குவார். இவள் ஓடிப் போய், "என்னப்பா, பதினோரு மணின்னு சொல்லிட்டு இப்ப வர்றீங்க?" என்பாள். அவர், "நானா? நான் எப்ப சொன்னேன்?" என்பார். "நீங்கதானே போன் பண்ணீங்க?" "நானா?" "நீங்கதான்!" அவர் முகம், இவள் முகம். அப்போது நான் எதிர்க் கடையிலிருந்து தவசி அப்பா குரலிலேயே, "ஏறு, ஏறு, உள்ள போ!" என்று கத்திக்கொண்டு வெளியே வருவேன். மூன்று பேரும் சிரிப்போம். ஒருவேளை அவர்களுக்குள் ராசியாகிவிடவும் கூடும். சிரித்துவிட்டால் மனிதர்களுக்கு அப்புறம் அடிக்கக் கை வராது. அப்படித்தான் நினைத்தேன்.

பத்தரைக்கே ஜூஸ் கடையில் உட்கார்ந்து ரோஸ்மில்க் வாங்கிவிட்டேன். அவள் பத்தே முக்காலுக்கு வந்தாள். சந்தன நிறச் சுடிதார், முடி கழுத்து வரைக்கும் வளர்ந்திருந்தது. அழகாகத்தான் இருந்தாள். தூண் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் உள்ளே வருகிற வாசல் கிழக்கே இருக்கிறது. இவள் முழு நேரமும் மேற்கே, எங்கள் வீட்டுத் தெரு வந்து சேருகிற முக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்றுகூட மறந்துபோச்சு போல என்று எனக்குச் சிரிப்பு. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஆட்டோக்காரர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அவள் திரும்பவே இல்லை. ஒன்றரைக்கு மேல் மணியைப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு தடவை பையைத் தூக்கினாள், திரும்பக் கீழே வைத்தாள்.

இரண்டு பத்துக்கு வண்டி வந்தது. இப்போதுதான் அந்த இடம் அக்கா. தவசி அப்பா விசிலோடு குதித்து இறங்குகிறார். மூன்றரை மணி நேரமாகக் காத்திருந்த ஆள் வந்தாயிற்று. இவள் என்ன செய்தாள்? துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள்! வெட்கம் போல என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார். தோளில் மாட்டியிருந்த தோல்பையைக் கழற்றி அதனாலேயே அடித்தார். சில்லறை நாலு பக்கமும் சிதறியது. "எம் மகன் செத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. எந்த மொகத்த வச்சுக்கிட்டுடா இந்த மண்ண மிதிச்ச?" என்றார். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். வண்டிக்குள்ளிருந்து ஒரு அம்மாள், "நேரமாகுது, எடுங்கப்பா" என்றாள்.

நான் வெளியே போகவில்லை. எப்படிப் போவது? அவள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லையே. "நீங்கதானே வரச் சொன்னீங்க." அதைச் சொன்னால்தானே நான் நுழைய முடியும்? சொல்லுவாள், இந்த அடிக்கு அப்புறம் சொல்லுவாள், அடுத்த அடிக்கு அப்புறம் சொல்லுவாள் என்று கதவுப் பிடியைப் பிடித்தபடியே நிற்கிறேன். உதடு கிழிந்து ரத்தம் வருகிறது, கீழே உட்கார்ந்துவிட்டாள், அப்போதும் சொல்லவில்லை. ஏழு போன் அக்கா! ஏழு போன் பேசிக் கூப்பிட்ட மனிதர் அடிக்கிறார், ஏன் கூப்பிட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டாளா?

என் ஆத்திரமெல்லாம் அதில்தான். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஒரே ஒரு வார்த்தையை விழுங்கி மொத்தத்தையும் கெடுத்துவிட்டாள்.

அவர் விசில் அடித்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவள் எழுந்து, துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். அப்புறம் ஏதோ ஒரு வண்டியில் ஏறினாள், போர்டு பார்க்கவில்லை நான். மதுரை வீட்டுக்குத் திரும்பவில்லை என்று அந்த அக்காமார் சொல்கிறார்கள். திங்கட்கிழமை போய்விட்டது. போனும் அணைந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது.

ஏன் அக்கா இப்படிப் பார்க்கிறீர்கள்? சரி, சிரிப்பு வரவில்லை என்றால் விடுங்கள், நான்தான் முன்னமே சொன்னேனே, அவள் முடிவைக் கெடுத்துவிட்டாள் என்று. இப்போது நீங்கள் சொல்லுங்கள், என்னை எதற்குத் தேடி வந்தீர்கள்?

படம் விழாவில் தேர்வாகியிருக்கிறதா! பார்த்தீர்களா! கடைசிக் காட்சியில் மட்டும் ஒலி கரகரவென்று இருக்கிறதா? அதை நான் திரும்பப் பேசித் தர வேண்டுமா? அக்கா, நீங்கள் ஆள் மாறி வந்திருக்கிறீர்கள். கடைசிக் காட்சிக்கு நான் பேசவே இல்லை. டிப்போக்காரர் வந்து பலகையைக் கழற்றுகிற காட்சி, அது பாக்கி இருந்தபோதே அவள் போய்விட்டாள். மதுரையில் வேறு எவனையாவது பிடித்துப் பேச வைத்திருப்பாள். என் பெயர்தான் போட்டிருக்கிறதா? 'டிப்போக்காரர் குரல்: வெயிலுமுத்து' என்றா? எப்போது அனுப்பினாள்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளியா?

போடுங்கள், பார்க்கிறேன்.

ஏணி நன்றாக வந்திருக்கிறது. நடை தவசி அப்பா நடையேதான், ஒரு கால் கொஞ்சம் அகட்டி.

நிறுத்துங்கள்.

திரும்பப் போடுங்கள் அக்கா. அந்த இடத்திலிருந்து.

"அப்பா பேசுறேன்."

இது படத்துக்குப் பேசியது இல்லை. இது போன். நான் பேசின முதல் போன். அடுத்தது மூன்றாவது போன், "பூரணி" என்கிறது பாருங்கள், இரண்டு தடவை. பதிந்து வைத்திருக்கிறாள்.

என்ன கேட்டீர்கள்? வாய் எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்றா? அவள் வேலை அப்படி அக்கா. குரலை முதலில் பதிவாள், வாயை அப்புறம்தான் வரைவாள். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு சொல்லை மெதுவாக ஓட விட்டு நூறு தடவை கேட்பாள், உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று. ஒரு வருஷம் முழுக்க அவள் காதில் இருந்தது என் சத்தம் மட்டும்தான். கிழவியாகப் பேசினாலும் முட்டைக்காரனாகப் பேசினாலும் ஆரம்பிப்பதற்கு முன்னால் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பேனாம். எனக்கே தெரியாது, அவள் சொல்லித்தான் தெரியும். "யாரா பேசினாலும் அந்த மூச்சு ஒன்னோடதுடா, அத மட்டும் ஒன்னால மாத்த முடியல" என்பாள். அதையும் வரைவாள். பேசப் போகிற ஆளுக்குத் தோள் லேசாக ஒரு தடவை ஏறி இறங்கும். இதோ டிப்போக்காரருக்கும்…

ஏறுகிறது.

'அப்பா' என்கிற சொல் வருவதற்கு முன்னாலேயே ஏறுகிறது.

அப்படியென்றால் அவள் அந்த முதல் போனில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது… ஏழு போனும்… கதவத் தெறப்பாங்கன்னு சொன்னது… அவங்க அம்மாவுக்கு என்னப் பிடிக்கும் அக்கா. நான் போனா எப்பவும் தெறப்பாங்க.

மூணு தடவ கேட்டா. வருவீங்கல்லன்னு மூணு தடவ கேட்டா.

வர்றேன்னு சொன்னேன் அக்கா. மூணு தடவயும் நான்தான் சொன்னேன்.